அந்தப் பக்கம் மணி எப்படி அடிக்கும்?

நானே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த போன் சர்வீஸில், நடுக்கடலில் இருந்து எனக்கு வந்த முதல் அழைப்பை எடுத்து, "ஏலே களவாணிப் பயலே, கடல்ல விழுந்து சாவுல" என்று சொல்லி வைத்தேன். மறுமுனையில் இருந்தவர் அந்தக் கப்பலின் கேப்டன். கடலில் இருக்கும் ஒருவரிடம் சொல்லவே கூடாத வாக்கியம் ஒன்று உண்டென்றால், அது இதுதான். கேப்டனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கப்பலில் சமையல்காரர் நம்மூர்க்காரர். கேப்டன் காதில் விழுந்ததை அப்படியே திருப்பிச் சொல்ல, அவர் ஒரு சொல் குறையாமல் மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறார். அவரை அந்தக் கப்பலுக்கு அனுப்பி வைத்தவனும் நான்தான்.

ஐம்பதைத் தாண்டியதும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, வீட்டில் புத்தக அலமாரிக்கு எதிரே உட்கார்ந்து பெரிய மனிதன் மாதிரி நடித்துக்கொண்டிருக்கும் என்னிடம், குடும்பத் தொடர்பு மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். அந்த மேசையில் செய்த நல்ல காரியங்களை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. ஆகவே இது.

நம் அலுவலகம் கப்பல்களுக்கு ஆள் அனுப்புகிறது. அனுப்பிய பிறகு அந்த ஆளுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவில் நிற்பது உங்கள் மேசை. இது உங்களுக்கு வந்த முதல் நாளே சொல்லப்பட்டிருக்கும். சொல்லப்படாதது ஒன்று உண்டு. நடுவில் நிற்பவனுக்கு இரண்டு பக்கமும் முகம் வேண்டும். எனக்குக் கப்பல் பக்கம் மட்டும்தான் இருந்தது.

கப்பல்களில் இணையம் வரத் தொடங்கிய காலம் அது. அதற்கு முன்னால் பையன்கள் வீட்டோடு பேச வேண்டுமென்றால் ஏதாவது துறைமுகம் வர வேண்டும். இல்லாவிட்டால் சேட்டிலைட் போனில் சம்பளத்தைக் கரைக்க வேண்டும். இணையம் வந்ததும் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தோம். கம்பெனி வீடியோவையும் மெசேஜ் ஆப்களையும் அடைத்து வைத்தது. எல்லோரும் படம் பார்த்தால் கேப்டனுக்கு வானிலை அறிக்கை வந்து சேராதாம். இணையம் வழியாகக் குரலை மட்டும் அனுப்பி, வீட்டில் கிடக்கும் பட்டன் போனில்கூட மணி அடிக்க வைக்கிற சர்வீஸ் ஏதாவது ஒன்றுக்கு மட்டும் அனுமதி. எது என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்தது என்றால், நான்தான் தலையைக் கொண்டுபோய் வைத்தேன்.

மூன்று சர்வீஸ்கள் வந்தன. முதலாவது விலை கூடுதல். ஆனால் ஒவ்வொரு ஆளுக்கும் மாறாத சொந்த நம்பர் தருவான். இரண்டாவது நடுத்தரம், கப்பலுக்கு மொத்தமாக ஒரு நம்பர். மூன்றாவது அடிமாட்டு விலை. அழைப்பு எந்த நாட்டு வழியாக மலிவோ அந்த நாட்டைச் சுற்றிக்கொண்டு வரும். இன்றைக்கு ஐரோப்பாவின் ஏதோ ஒரு மூலை நம்பர், நாளைக்கு ஆப்பிரிக்கா. நான் நிமிடக் கட்டணத்தை மட்டும் வைத்து ஓர் அட்டவணை போட்டு, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் தீட்டி, மேலாளர் முன்னால் நின்று உரை ஆற்றினேன்.

மேலாளர் சாத்தான்குளத்துக்காரர். என்னைவிட வயதில் இளையவர். நான் படித்ததில் பாதிகூட அவர் படித்திருக்க மாட்டார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். படித்ததை வெளியே சொல்லிக்கொள்கிற வழக்கம் அவருக்கு இல்லை என்பது பிறகு தெரிந்தது. என் உரையை முழுதாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அண்ணாச்சி, அந்தப் பக்கம் மணி எப்படி அடிக்கும்?"

"மணி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதான் மேடம் அடிக்கும்" என்றேன். அந்தப் பதில் எனக்கே மிகவும் பிடித்திருந்தது. பச்சை நிறச் சர்வீஸை, அதாவது அந்த அடிமாட்டு விலைக்காரனைத் தேர்ந்தெடுத்தோம்.

அதே மாதம் இன்னொரு சாதனையும் செய்தேன். கரையோர ஊர்களில் கப்பல்காரர் வீடுகளைக் குறிவைத்து ஒரு கும்பல் போன் போட்டுக்கொண்டிருந்தது. "உங்க மகனைக் கஸ்டம்ஸ்ல பிடிச்சு வச்சிருக்கு, உடனே பணம் அனுப்புங்க" என்று அழுகுரலில் பேசுவார்கள். தாய்மார்கள் நகையைக் கழற்றிக்கொண்டு அடகுக் கடைக்கு ஓடினார்கள். நான் ஊர் ஊராகப் போய், கோயில் மைதானங்களில் மைக் பிடித்து எச்சரித்தேன். "பிளஸ் போட்டு, தெரியாத நாட்டு நம்பர் வந்தா எடுக்காதீங்க. எடுத்துட்டா வச்சிருங்க. உங்க பிள்ளைன்னு சொன்னாலும் நம்பாதீங்க. குரலைச் செய்ய இப்ப மிஷின் இருக்கு." கைதட்டல் காதைப் பிளந்தது. கீழவைப்பார் பங்குச்சாமி, அதாவது அந்த ஊர்க் கத்தோலிக்கக் கோயில் பாதிரியார், அதை ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பில் இரண்டு தடவை வாசித்தார்.

இரண்டு சாதனைகளும் ஒரே தலைக்குள் இருந்தன. ஒன்றை ஒன்று சந்திக்கவே இல்லை.

சந்தித்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்தபோதுதான் பிளஸ் போட்ட ஏதோ நாட்டு நம்பரில் கேப்டனின் அழைப்பு வந்ததும், அந்தக் கும்பல்தான் என்று நினைத்து மேற்படி வாக்கியத்தை நான் சொன்னதும். கொஞ்ச நேரத்தில் மேலாளர் கூப்பிட்டார்.

"கேப்டனை என்ன சொன்னீங்க அண்ணாச்சி?"

"நான் எந்தக் கேப்டன்கிட்டயும் பேசலையே மேடம்."

"கடல்ல விழுந்து சாகச் சொன்னீங்களாம். மெயில் வந்திருக்கு. அது இருக்கட்டும். அவர் கூப்பிட்டது டெல்வினுக்காக."

டெல்வின் தருவைகுளத்துப் பையன். எஞ்சின் ரூமில் ஆயிலர். அவன் கடலில் இருக்கும்போதே வீட்டில் பெண் பார்த்து முடித்திருந்தார்கள். கீழவைப்பாரில் மீன்பிடி லாஞ்சு வைத்திருக்கும் சூசை அண்ணாச்சியின் மகள் ஜெனிட்டா, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இரண்டு வாரத்தில் அவன் லீவில் வந்து இறங்கியதும் கல்யாணம், பெண் ஊர்க் கோயிலில். கத்தோலிக்கக் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள்: இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. மாப்பிள்ளை ஊரில் இல்லை என்பதால், அவன் வாயாலேயே சம்மதத்தைக் கேட்காமல் முதல் ஓலையை வாசிக்க மாட்டேன் என்று பங்குச்சாமி சொல்லியிருந்தார். அந்தச் சனிக்கிழமைக்குள் போனில் பேசினால் போதும். மறுநாள் ஞாயிறு தவறினால் மூன்றாவது ஓலை தவக்காலத்துக்குள் போய் விழும். ஈஸ்டருக்கு முந்தைய அந்த நோன்புக் காலத்தில் கல்யாணம் கிடையாது. அது முடிந்து ஈஸ்டர் வருவதற்குள் டெல்வினின் லீவு தீர்ந்து, அவன் அடுத்த கப்பலில் இருப்பான். பெண்ணின் அப்பாவோ, அவ்வளவு நாள் காத்திருக்கிற ஆள் இல்லை. தூத்துக்குடியிலேயே வேறொரு வீட்டில் பெண் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

டெல்வின் காலையில் இருந்து போன் போட்டிருக்கிறான். பங்குச்சாமி எடுக்கவில்லை. அம்மா எடுக்கவில்லை. வருங்கால மாமனார் எடுத்து, என்னைப் போலவே பதில் சொல்லியிருக்கிறார். எல்லோரும் என் உரையைக் கேட்டவர்கள்.

நான் உடனே பங்குச்சாமியைக் கூப்பிட்டேன்.

"சாமி, கப்பல் ஆபீஸ்ல இருந்து பேசுதேன். இப்ப பிளஸ் போட்டு ஒரு போன் வரும். தயவுசெஞ்சு எடுத்திருங்க."

"மொதல்ல ஒருத்தன் போன் போட்டு, 'ஆபீஸ்ல இருந்து பேசுதேன், அடுத்து ஒரு கால் வரும், எடுங்க'ன்னு சொல்லுவான், அவனும் கூட்டாளிதான்னு மைக்ல சொன்னீங்களே?"

"சொன்னேன் சாமி. ஆனா நான்தான் அந்த ஆளு. என் குரல் தெரியலையா?"

"குரலுக்கு மிஷின் இருக்குன்னும் சொன்னீங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

என் வாழ்நாளில் என் பேச்சை இவ்வளவு கவனமாகக் கேட்ட மனிதரை நான் பார்த்ததில்லை.

நேரில் போவதைத் தவிர வழி இல்லை. மேலாளரிடம் சொன்னேன். "போங்க. சாயங்காலம் வாட்ச் டூட்டிக்கு எஞ்சின் ரூமுக்கு இறங்குறதுக்கு முன்னாடி டெல்வினைக் கூப்பிட விடச் சொல்லி நான் கேப்டனுக்கு எழுதுதேன். அவன் வாட்சுக்குப் போயிட்டா, ஏறி வாரதுக்குள்ள அங்க சாமி தூங்கிருவாரு" என்றார். பிறகு, "மன்னிப்பையும் நானே எழுதிருதேன். நீங்க எழுதினா நீளமா இருக்கும்."

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு முதலில் தருவைகுளம் போனேன். டெல்வினின் அம்மா மிக்கேலம்மாளைக் கூட்டிக்கொண்டு போனால்தான் கீழவைப்பாரில் என்னை நம்புவார்கள். விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "காலையில இருந்து எட்டுத் திக்குல இருந்தும் அடிச்சுது. எல்லாத்தையும் கட் பண்ணி விட்டனே. எம்புள்ளையா அது?"

அப்போது டெல்வினின் அண்ணன் கில்பர்ட் என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனான்.

"சார், எதுக்கு இம்புட்டுப் பாடு? எனக்கும் அவனுக்கும் சத்தம் ஒன்னு போலதான் இருக்கும். நான் கோயிலுக்குப் பின்னாடி நின்னு சாமி போனுக்கு அடிச்சு, 'சம்மதம்'னு சொல்லிருதேன். அவனுக்குச் சம்மதம்னு நமக்குத்தான் தெரியுமே."

உங்களிடம் மறைக்க மாட்டேன். அது நல்ல யோசனையாகத்தான் தோன்றியது. டெல்வினுக்குச் சம்மதம் என்பது உண்மை. ஒரு உண்மையை வேறு வாயால் சொல்ல வைப்பது பெரிய குற்றமா என்று மனசு உடனே வக்கீல் வைத்து வாதாடத் தொடங்கியது. நெருக்கடியில் வருகிற யோசனைகளில் ஆபத்தானவை முட்டாள்தனமானவை அல்ல. இந்த மாதிரி, வேலைக்கு ஆகிவிடக்கூடியவைதான். பொய்க்குரலை நம்பாதே என்று ஊர் ஊராக மைக் பிடித்தவன், ஒரு பொய்க்குரலைக் கோயில் பின்சுவரில் நிறுத்தப் போகிறான். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மிக்கேலம்மாள் பின்னால் வந்து நின்றிருந்தார்.

"ஏலே, சம்மதம்னு நீ சொன்னா நீதாம்ல கட்டணும். ஒம் பொண்டாட்டிகிட்டக் கேட்டுட்டு வா, போ."

கில்பர்ட் போய்விட்டான். ஸ்கூட்டரின் பின்னால் மிக்கேலம்மாள் ஏறிக்கொண்டார். வழியில் உப்பளக் காற்று முகத்தில் அறைய, "நீங்க ஏன் சார் மைக்க எல்லாம் பிடிக்கிய?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். நான் ஹாரன் அடித்தேன். எதிரில் வண்டி எதுவும் இல்லை.

பங்குச்சாமி வீட்டு முன்னறையில் சூசை அண்ணாச்சியும் ஜெனிட்டாவும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை கூப்பிடவில்லை என்று சொல்லிக் கல்யாணப் பேச்சை நிறுத்தத்தான் அவர் வந்திருந்தார். அவர் முகத்தில் அது எழுதி ஒட்டியிருந்தது. நான் நடந்ததைச் சொன்னேன். டெல்வின் எழுத்தில் சம்மதம் அனுப்பினால் போதுமா என்றும் கேட்டுப் பார்த்தேன். "மெயிலை யாரு வேணாலும் அடிக்கலாம். நீங்க சொன்னதுதான்" என்றார் சாமி. ஒரு ஓலையைக் குறைக்க மேலிடத்தில் விலக்குக் கேட்கலாமே என்றேன். "கேக்கலாம். காரணம்னு என்ன எழுத? போனை எடுக்கலன்னா?"

மணி அடித்தது. பிளஸ் போட்ட நம்பர். சாமி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். செத்த நண்டைத் தூக்குவது போல இரண்டு விரலால் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைத்தார்.

"பங்குச்சாமி பேசுதேன். ஜெனிட்டாவை மனசாரக் கட்டிக்கிட உனக்குச் சம்மதமாப்பா?"

இரைச்சல் மட்டும் கேட்டது. பதில் இல்லை. ஜெனிட்டா குனிந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சூசை அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார்.

"யோசிக்கான் பாருங்க சாமி!"

"அது யோசனை இல்ல அண்ணாச்சி, சேட்டிலைட்டு!" என்று நான் கத்தினேன். அதே நேரத்தில் போனிலிருந்தும் ஏதோ குரல் வந்தது. என் கத்தலில் அது அமுங்கியது. லைன் போய்விட்டது.

உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாம் பேசுவது மேலே போய் இறங்கி, மலிவான வழி தேடி ஊர் ஊராகச் சுற்றி அங்கே சேர வேண்டும். பதிலும் அப்படியே திரும்ப வேண்டும். பச்சை நிறத்தில் நான் தீட்டிய சர்வீஸில் அந்த இடைவெளி, ஒரு மனிதன் ஒரு பெண்ணைக் கட்டலாமா வேண்டாமா என்று யோசிக்கிற நேரத்துக்குச் சரியாக இருந்தது. அதை விளக்க ஆரம்பித்தேன். வானம், சுற்றுவழி, எல்லாம் சொன்னேன்.

சூசை அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டார். "நாங்களும் கடல்லதான் வயர்லெஸ் பேசுதோம். கேட்ட கையோட பதில் வருது. எம்புள்ளையப் பத்தி ஒருத்தன் யோசிச்சுச் சொல்லணும்னு எங்களுக்கு விதி இல்ல. ஜெனிட்டா, வாளா, போவோம்."

மேலாளருக்குப் போன் போட்டேன். கப்பலோடு மெயிலில் பேசிவிட்டுத் திருப்பிக் கூப்பிட்டார். "வாட்சுக்கு நேரமாயிட்டாம். இன்னும் ஒரே ஒரு தடவைன்னு கேப்டன் சொல்லுதாரு. அது உங்களுக்காக இல்லன்னும் எழுதியிருக்காரு."

ஒரே ஒரு தடவை. மறுபடியும் அதே கேள்வி போகும், அதே இடைவெளி வரும், இந்த மனிதர் மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். இன்னும் உரக்க விளக்கினால் நம்புவாரா? இவ்வளவு குழப்பத்துக்கும் என் விளக்கங்கள்தான் காரணம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாயை மூடிக்கொண்டு, வாசற்படியில் போய் வழியை மறித்து நின்றேன். அடுத்த கால் வருகிற வரைக்கும் இந்த வாசலை விட்டு நகர்வதில்லை என்று மட்டும் முடிவு செய்தேன். இந்தத் தொழிலில் நான் எடுத்த உருப்படியான முடிவுகளில் அது ஒன்று. அதில் பேச்சு இல்லை.

நான் பேசாமல் இருந்ததால் அந்த அறையில் வேறொருவர் பேச இடம் கிடைத்தது.

"சாமி," என்றாள் ஜெனிட்டா. "அடுத்த தடவை மொதல்ல அவங்க பேரைக் கேளுங்க."

"பேரு தெரியுமே எனக்கு."

"இல்ல சாமி. பேரைச் சொல்ல யாரும் யோசிக்க மாட்டாங்க. அதுக்கும் இவ்வளவு நேரம் ஆச்சுன்னா, அது போனு. பேரை டக்குன்னு சொல்லிட்டு, சம்மதத்துக்கு மட்டும் நேரம் ஆச்சுன்னா," அவள் அப்பாவைப் பார்த்தாள், "நானே எந்திரிச்சு வந்துருதேன்."

சூசை அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் வாசலில் நிலைக்கதவு மாதிரி நின்றேன். அவர் உட்கார்ந்தார்.

மணி அடித்தது. இந்தத் தடவை வேறு கண்டத்து நம்பர்.

"உன் பேரு என்னப்பா?" என்றார் சாமி.

இரைச்சல். ஜெனிட்டா மடியில் கையை வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டே வந்தாள்.

"டெல்வின், சாமி!" எஞ்சின் ரூமில் வேலை பார்ப்பவன் பேசுகிற சத்தம். சாமி போனைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"தாயார் பேரு?"

மறுபடி இரைச்சல். விரல்கள் மடங்கின.

"எம்பேருக்குமா யோசிக்கான்?" என்றார் மிக்கேலம்மாள். "மிக்கேலம்மாள், சாமி!" என்று கத்தியது போன். ஜெனிட்டா தன் கையை அப்பாவிடம் நீட்டிக் காட்டினாள். விரல்கள் முதலில் நின்ற அதே இடத்தில் நின்றிருந்தன.

"ஜெனிட்டாவை மனசாரக் கட்டிக்கிட உனக்குச் சம்மதமா?"

விரல்கள் மடங்கின. சூசை அண்ணாச்சியும் மகள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதே விரலில், கொஞ்சம்கூட முன்னே பின்னே போகாமல், பதில் வந்தது.

"சம்மதம், சாமி!"

"சந்தோஷம்பா" என்றார் சாமி. அது அங்கே போய்ச் சேர்வதற்குள், இந்தப் பக்கம் சத்தம் இல்லையே என்று பயந்துபோய், "சம்மதம் சாமி, கேக்குதா?" என்றான். பிறகு மறுபடியும், "சம்மதம்! சம்மதம்!"

"ஒரு தடவை போதும்டே" என்றார் சாமி. மிக்கேலம்மாள் போனைப் பிடுங்கி, "ஏலே, மூக்கடைப்பு இன்னும் போகலையா?" என்று கேட்டார். அதற்குப் பதில் வருவதற்குள் அவன் வாட்சுக்குப் போய்விட்டான்.

மறுநாள் முதல் ஓலை வாசிக்கப்பட்டது. டெல்வின் வந்து இறங்கி, தவக்காலத்துக்கு முன்னால் கல்யாணமும் முடிந்தது.

திங்கட்கிழமை மேலாளர் முன்னால் போய் நின்றேன். அவர் 'நான் அப்பமே கேட்டேனே' என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பழைய மூன்று சர்வீஸ்களையும் மறுபடி வரவழைத்து, "இந்தத் தடவை நீங்க கேக்குற பக்கம் உக்காருங்க" என்றார். நான் தருவைகுளத்தில் மிக்கேலம்மாள் வீட்டு அடுக்களை வாசலில் உட்கார்ந்தேன். துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலில் இருந்து மூன்று சர்வீஸிலும் மாறி மாறிக் கூப்பிடச் சொன்னேன். அந்த அம்மா மீன் அறுத்துக்கொண்டே எதை எடுக்கிறார், எதைப் பார்த்ததும் முகம் சுளிக்கிறார், எதில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி முட்டிக்கொள்கிறார்கள் என்று பார்த்தேன். ஒரு மத்தியானத்தில் முடிவு தெரிந்துவிட்டது. ஆளுக்கு ஒரு மாறாத நம்பர் தருகிற, விலை கூடிய சர்வீஸ். அந்த நம்பரை மகன் பெயரில் வீட்டுப் போனில் நாமே பதிந்து கொடுத்தோம். மலிவான சர்வீஸ் உண்மையில் எவ்வளவு மலிவு என்று பிறகு யோசித்தேன். எடுக்கப்படாத போனுக்குக் கட்டணமே கிடையாது. அதைவிட மலிவு எது?

உங்களுக்கும் யாராவது அட்டவணையோடு வருவார்கள். வண்ணம் தீட்டியிருப்பார்கள். இப்போது இருக்கிற சர்வீஸ்களின் பெயர்கூட எனக்குத் தெரியாது. நீங்கள் படிக்கும்போது அவையும் மாறியிருக்கும். எது வந்தாலும் கையெழுத்துப் போடும் முன் ஒரு வீட்டுக்குப் போய் உட்காருங்கள். போன் அடிக்கட்டும். எடுக்கிறவரின் முகத்தைப் பாருங்கள். ஏதாவது முறிந்து, ஒரே ஒரு அழைப்பு மட்டும் மிச்சம் இருக்கிற நேரமும் உங்களுக்கு வரும். அப்போது யாராவது நல்ல குரலில் ஒரு குறுக்குவழி சொல்வார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வாசலை விட்டு நகராமல் நில்லுங்கள். முடிந்தால் பேசாமல் நில்லுங்கள்.

அந்தப் புதுச் சர்வீஸ் எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை ஜெனிட்டாவிடம் பெருமையோடு கேட்டேன். டெல்வின் அப்போது அடுத்த கப்பலில் இருந்தான். சத்தம் தெளிவு, சுற்றுவழி இல்லை, கேட்ட கையோடு பதில் வருகிறது. பாராட்டுக்குத் தயாராக நின்றேன்.

"அந்தப் பழசே தேவலை அண்ணாச்சி" என்றாள். "அதுல பழிய போன் மேல போட்டுக்கலாம். இப்ப அவங்க யோசிச்சா, நெசமாவே யோசிக்காங்கன்னு தெரிஞ்சிருது."